கிடைக்காத அழைப்பையும் எழுதுகிறவள்

சுவர் மணிக்கூட்டைப் பார்த்த பிறகுதான் சத்தியபாமா "ஹலோ" என்பாள். தொலைபேசிப் பலகையில் சின்னத் தகடு ஒன்று டக்கென்று விழும். வலது கை செருகியை எடுக்கும். கண் மணிக்கூட்டுக்குப் போய்த் திரும்பும். அதற்குப் பின்தான் வாய் திறக்கும். வீட்டிலும் அவள் இப்படித்தான். வேலிப் படலையில் யாராவது கூப்பிட்டால் குசினி வாசலுக்கு மேலே தொங்கும் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "ஓம், ஆர்?" என்று கேட்பாள். வந்தவர் அவ்வளவு நேரமும் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

பாமா என் தங்கை. எனக்கும் அவளுக்கும் இடையில் ஒன்பது வயது வித்தியாசம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் சோதனை பாஸ் பண்ணி, புங்குடுதீவில் எங்கள் தபாற்கந்தோரிலேயே தொலைபேசிப் பலகைக்கு வேலைக்குப் போனவள். இதை நான் எந்தக் கலியாண வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை.

கந்தோரின் முன்பக்கத்தில் முத்திரையும் மணியோடரும். மார்பளவு மரத்தட்டிக்குப் பின்னால் பாமாவின் இடம். பலகை ஒரு அலுமாரியளவு இருக்கும். தீவில் தொலைபேசி உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் அதில் ஒரு தகடு உண்டு. டொக்டர் வீட்டில் கைபிடியைச் சுற்றினால் டொக்டரின் தகடு விழும். சங்கக் கடையில் சுற்றினால் அதன் தகடு விழும். வெளியூருக்குப் போக ஒரே ஒரு வழிதான். எல்லாக் கதையும் யாழ்ப்பாணத்துக்குப் போய்த்தான் பிரிய வேண்டும். வீட்டில் தொலைபேசி இல்லாதவர்களுக்காகச் சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி ஒன்று நிற்கிறது. அதற்குள் ஒருவர் நிற்கலாம். பருமனானவர் என்றால் கதவு சாத்துப்படாது.

வெளியூர் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கையளவு கடதாசித் துண்டு ஒன்று, 'ரிக்கற்' என்பார்கள். அதிலுள்ள கட்டங்களை அவள் எனக்குப் பலதரம் சொல்லித் தந்ததில் இப்போது நித்திரையிலும் நான் ஒப்புவிப்பேன். எந்த இலக்கத்திலிருந்து, எந்த ஊருக்கு, அங்கே எந்த இலக்கம், குறிப்பிட்ட ஒருவரைக் கேட்டால் அவருடைய பெயர், கேட்ட நேரம், கிடைத்த நேரம், முடிந்த நேரம், கடைசியில் என்ன நடந்தது. அந்தக் கடைசிக் கட்டம் மிகச் சிறியது. கதைத்தார்கள், ஆள் இல்லை, மணி அடித்தும் எடுக்கவில்லை, வழி கிடைக்கவில்லை, நடுவில் அறுந்தது. இவற்றில் ஒன்று எழுதத்தான் இடம் காணும். என்ன கதைத்தார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது.

"கட்டம் இல்லாததை நான் ஏன் கேப்பான், அக்கா?" என்பாள் பாமா.

இணைப்புக் கொடுத்ததும் இரு பக்கமும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு மூச்சு நேரம் கேட்பாள். பிறகு விசையை மூடிவிடுவாள். தீவில் இதை நம்புகிறவர்கள் நானும் தபாலதிபர் அரியநாயகமும்தான். கோயில் வீதியில் அவளைக் கண்டால் பெண்கள் விடமாட்டார்கள்.

"பிள்ளை பாமா, டொக்டர் வீட்டுக்கு நேற்றுக் கொழும்பில இருந்து கோல் வந்ததாமே?"

"ஓம், வந்தது. நாலு மணிக்கு. ஆறு நிமிசம்."

"என்ன கதைச்சவை?"

"தமிழ்."

இதற்கு மேல் ஒரு சொல் அவளிடமிருந்து பிடுங்க ஏலாது. கேட்டவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார். பாமா அடுத்தவருக்குச் சிரித்துத் தலையாட்டுவாள்.

வேலைப் பழக்கம் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிவிட்டது. "மீன்காரர் வந்தவரோ?" என்று கேட்டால், "ஏழரைக்கு வந்தவர். ரெண்டு தரம் மணி அடிச்சவர். நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான், நீங்கள் கோயிலில. எடுக்கேல்லை எண்டு போயிட்டார்" என்பாள். என் கணவர் அவளைப் பகிடி பண்ணுவார்: "உன்னைக் கட்டுறவன் பாவம். பிந்தி வந்தா ரிக்கற் எழுதி நீட்டுவாய்." அவள் கோபிக்கமாட்டாள். "பிந்தாம வந்தா நான் ஏன் எழுதுறன், அத்தான்?" என்று கேட்பாள்.

பலகைக்கு முன்னால் இருக்கும்போது அவளுக்குப் பெயர் இல்லை. மறுமுனையில் இருப்பவருக்கும் பெயர் இல்லை. "யாழ்ப்பாணம், புங்குடுதீவு கதைக்கிறன்" என்று ஊர்ப் பெயரால்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். ஒருநாள் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் பாமா கொண்டக்டரிடம் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குடையோடு நின்ற வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் சட்டென்று திரும்பினார். "புங்குடுதீவோ?" என்றார். பாமா அவரை ஏற இறங்கப் பார்த்து, "யாழ்ப்பாணமோ?" என்றாள். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலு வருடமாகத் தினமும் கதைக்கிறவர்கள் முகம் கண்டது அன்றைக்குத்தான். நான் பையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஊர்கள் சுகம் விசாரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் தீவு வியாபாரக் குடும்பங்களின் தீவு. வெளியூர்க் கடைகளிலிருந்து வரும் அழைப்புகள் அதிகம். அவற்றில் ஒரு தந்திரம் உண்டு. ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டு எடுத்து, அவர் இல்லை என்று பதில் வந்தால் முழுக் கட்டணம் இல்லை. ஆகவே சில முதலாளிமார், உலகத்தில் இல்லாத ஒருவரைக் கேட்டு எடுப்பார்கள். அந்தப் பெயரே செய்தி. ஒரு கடைக்காரர் வியாழன்தோறும் கதிர்காமு என்பவரைக் கேட்டு எடுத்துக்கொண்டிருந்தார். பாமா பெட்டிப் பக்கம் திரும்பி, "கதிர்காமு ஆரும் வந்திருக்கினமோ?" என்று கூப்பிடுவாள். பெட்டியோரம் போட்ட வாங்கில் இருக்கும் கடைக்காரரின் மனைவி வாய் திறக்கமாட்டார். 'ஆள் இல்லை' என்று போனதும் எழும்பி, சனிக்கிழமை வீட்டுக்கு வரப்போகும் கணவருக்குச் சமைக்கத் தேங்காய் வாங்கப் போய்விடுவார்.

சில மாதம் பொறுத்த பாமா ஒருநாள் அந்த மனிசியைக் கூப்பிட்டாள். "அக்கா, இந்தத் தீவில கதிர்காமுவைப் போல வேண்டப்பட்ட ஆள் ஒருத்தரும் இல்லை. கிழமைக்கு ஒருக்கா தேடினம். அடுத்த முறை எடுத்தா, அவர் கனடாவுக்குப் போயிட்டார் எண்டு சொல்லப்போறன்." அதோடு கதிர்காமு ஒழிந்தார். அரியநாயகம் ஐயா, "ஏன் பிள்ளை, மேலிடத்துக்கு எழுதியிருக்கலாமே?" என்று கேட்டாராம். "கேட்ட பேரை எழுதுறதுதான் என்ர வேலை, ஐயா. பேருக்கு உயிர் இருக்கோ எண்டு பாக்கிறது என்ர வேலையில்லை" என்று சொன்னாளாம்.

அவளுடைய இன்னொரு பழக்கத்தைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கிடைக்காத அழைப்பையும் அவள் எழுதுவாள். காசு வராத அழைப்புக்குத் துண்டு நிரப்ப மற்றவர்களுக்கு மனம் வராது.

"கிடைக்காததுக்கு ஏன் பிள்ளை கடதாசியை வீணாக்குறீர்?" என்று அரியநாயகம் ஐயா ஒருமுறை கேட்டார்.

"எடுத்தது எடுத்ததுதானே, ஐயா. கிடைக்காதது லைனின்ர பிழை. எடுத்த ஆளின்ர பிழையில்லையே."

எழுதுவதோடு நிற்கமாட்டாள். ஐந்து மணிக்குப் பலகையை ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளில் வரும் வழியில், ஒவ்வொரு வேலிக்கும் அந்தச் செய்தியைக் கொடுத்துக்கொண்டு வருவாள். "உங்கட மகன் எடுத்தவர், ரெண்டு மணிக்கு. லைன் கிடைக்கேல்லை." சைக்கிளை விட்டு இறங்கமாட்டாள், ஒரு காலை நிலத்தில் ஊன்றிச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கிடைக்காத அழைப்பால் என்ன பிரயோசனம் என்று நானும் நினைத்ததுண்டு. போன வருட ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை.

அந்த நாட்களில் தெற்கிலே கடை வைத்திருந்தவர்களின் செய்தி ஒன்றும் வரவில்லை. யோகம்மாவின் மகன் குலசிங்கம் மாத்தறையில் இருந்தார். யோகம்மா அடுப்பு மூட்டவில்லை. வாசலை விட்டு அசையவில்லை. பாமா யாழ்ப்பாணத்தோடு கதைக்கக் கிடைத்த போதெல்லாம், "எங்கட ஆக்களைக் கேட்டு ஆரும் எடுத்தவையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் முற்பகல் பதில் வந்தது. தெற்குப் பக்கமிருந்து ஒருவர் புங்குடுதீவு யோகம்மாவைக் கேட்டு எடுத்தாராம். இணைக்க முதல் அறுந்துவிட்டதாம். பாமா ஐந்து மணி வரை காத்திருக்கவில்லை. ஐயாவைப் பலகையில் இருத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

"என்னடி பிள்ளை சொன்னவன்?" என்று யோகம்மா அவளுடைய கையைப் பிடித்தார்.

"ஒண்டும் சொல்லேல்லை. லைன் கிடைக்கேல்லை. ஆனா எடுத்தவர், அம்மா. பதினொண்டே காலுக்கு எடுத்தவர்."

யோகம்மா அழுது முடித்துவிட்டு அடுப்பை மூட்டினார். அதன் பிறகு குலசிங்கம் அகதிக் கப்பலில் வந்து இறங்கும் வரை, கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "பதினொண்டே காலுக்கு என்ர பிள்ளை எடுத்தவன்."

கடை போய்விட்டது. குலசிங்கம் தன் அக்கா இலட்சுமிப்பிள்ளையோடு சேர்ந்து வவுனியாவில் புதுக் கடை போட்டு, தாயையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். இந்த வருடம் ஆவணியில் அவர்கள் மூவரும் பாமாவைப் பெண் கேட்டு வந்தார்கள்.

தேநீர் கொடுத்த பாமாவிடம் குலசிங்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் பதினொண்டே காலுக்கு எடுத்தனான் எண்டு அம்மாவுக்கு வந்து சொன்னது நீர்தானே?"

"ஓம். ஆனா பதினொண்டே கால் இல்லை, பதினொண்டு பதினாறு. அம்மாவுக்கு லேசா இருக்கட்டும் எண்டு அப்பிடிச் சொன்னனான்."

குலசிங்கம் சிரித்த சிரிப்பில் தேநீர் கோப்பைத் தட்டுக்குள் ஊற்றுப்பட்டது. அவர்கள் படலையைத் தாண்டிப் போனதும் பாமா குசினி மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் கவனித்தேன்.

சிக்கல் இலட்சுமிப்பிள்ளையால் வந்தது. "எங்கட கடையில கல்லாவில இருக்க ஆள் இல்லை. இவவைப் போல கணக்கான பிள்ளை கிடைச்சா வேறென்ன வேணும்? வேலையை விட்டுட்டு வரட்டும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அதைப் பாமாவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அக்கா, ஆள் நல்லவர். எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பலகையை விடமாட்டன். வவுனியாவுக்கு மாற்றம் கிடைக்கும் வரைக்கும் இஞ்சதான். அதுக்கு ஓம் எண்டா எனக்கும் ஓம். இல்லையெண்டா வேண்டாம்."

இதைச் சொன்னவளின் கண்ணில் நீர் நின்றது. அரிசியில் கல் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

அவர்கள் வவுனியாவுக்குப் பஸ் ஏற முதல் நான் இலட்சுமிப்பிள்ளையிடம் போய், பாமாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது, வேலை விசயம்தான் யோசிக்க வேணும் என்று பட்டும் படாமலும் சொன்னேன். தம்பியோடும் தாயோடும் கதைத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தபாற்கந்தோருக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன் வீணா மூண்டு நிமிசக் காசு கட்டுவான்? சம்மதம் எண்டா அம்பலவாணரைக் கேட்டு எடுக்கிறன். இல்லையெண்டா முருகேசுவைக் கேட்டு எடுக்கிறன். ஆள் இல்லை எண்டு சொல்லிவிடுங்கோ, விசயம் முடிஞ்சுது." வியாபாரக் குடும்பத்தோடு சிக்கனத்தில் தோற்கக்கூடாது என்று நானும் தலையாட்டிவிட்டேன். பாமாவிடம், பதில் வெள்ளிக்கிழமை வரும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வாங்கில் போய் இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெயரைக் கூப்பிடப் போகிறவளே அவள்தான்.

"என்ன அக்கா, இந்த நேரத்தில?" என்றாள் பாமா.

"முத்திரை வாங்க வந்தனான்."

அரியநாயகம் ஐயா உடனே முத்திரையைக் கிழித்து நீட்டிவிட்டார். வாங்கியாயிற்று, இனிப் போக வேண்டும். நான் போகவில்லை. முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு வாங்கில் இருந்தேன். நாலு மணி தாண்டியது. பாமா இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தகடு விழுந்தது. மணிக்கூடு. "ஹலோ. ஓம் யாழ்ப்பாணம், சொல்லுங்கோ. வவுனியா." பென்சில் ஓடியது. பெயர்க் கட்டத்தில் வந்து கொஞ்சம் நின்று, பிறகு எழுதியது. பாமா காதுக்கருவியை ஒரு பக்கம் விலக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"வவுனியாவில இருந்து. அம்பலவாணர் ஆரும் வந்திருக்கினமோ?"

நான் துள்ளி எழும்பிவிட்டேன். வாயை மூட எவ்வளவோ பார்த்தேன், சிரிப்பு அடங்கவில்லை. மணியோடருக்கு நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாமா என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த முத்திரையைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் அம்பலவாணரோ?"

கந்தோர் முழுக்கச் சிரித்தது. நான் மரத்தட்டிக்கு ஓடிப் போய், "ஆள் இல்லை எண்டு சொல்லு பிள்ளை. எல்லாம் சரிவந்திட்டுது" என்று குசுகுசுத்தேன்.

அவளுடைய முகம் மலர்ந்தது. உடனே இறுகியது. "எது சரி? கலியாணமோ, வேலையோ?"

அம்பலவாணர் என்றால் சம்மதம். எதற்குச் சம்மதம் என்று நானும் கேட்கவில்லை, இலட்சுமிப்பிள்ளையும் சொல்லவில்லை. வேலையை விடுவாள் என்று நினைத்துக்கொண்டே அந்த மனிசி அம்பலவாணரைக் கேட்டிருக்கலாம்.

பாமா காதுக்கருவியைச் சரியாக மாட்டிக்கொண்டாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "யாழ்ப்பாணம், அம்பலவாணர் எண்டு இஞ்ச ஆள் இல்லை. அவருக்குப் பதிலாக் கதைக்க வேற ஆள் இருக்கு. முழுக்கட்டணம். கதைப்பினமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

நாங்கள் காத்திருந்தோம். "வேண்டாமாமோ?" என்றாள் பாமா. விரல் விசைக்குப் போனது. போன விரல் அங்கேயே நின்றது. "ஓம், ஓம், நிக்கிறன். என்ன, இப்ப வேற ஆளோ கதைக்கிறது? கதைக்கினமாமோ? சரி, குடுங்கோ." என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, பெட்டிக்குள்ள போங்கோ" என்றாள்.

குலசிங்கத்தின் குரல்தான். பின்னால் இலட்சுமிப்பிள்ளை, "காசடா, காசு!" என்று கத்துவது இங்கே நன்றாகக் கேட்டது.

"என்னக்கா, அம்பலவாணர் வரேல்லையோ?" என்று சிரித்தார்.

"அவரை விடும், தம்பி. பிள்ளை வேலையை விடமாட்டாள். அதுக்கு என்ன சொல்லுறீர்?"

"வேலையை விட ஆர் கேட்டது? அண்டைக்கு எழுதி வைச்ச பிள்ளை எண்டுதானே நான் கேட்டு வந்தனான். மாற்றம் வரும் வரைக்கும் கிழமைக்கு ஒருக்கா நான் பஸ் ஏறுறன். அக்கா கல்லாவுக்கு வேற ஆளைப் பாக்கட்டும்."

கண்ணாடிக்கு அப்பால் பாமாவைப் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம் கேட்டுவிட்டு விசையை மூடியிருந்தாள். காதுக்கருவியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய கட்டண அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய கலியாணத்தையும் அவள் கேட்கவில்லை. மூன்று நிமிடக் காலம் முடிந்ததும் எனக்கு மூன்று விரலைக் காட்டினாள்.

நான் வெளியே வந்து, "ரெண்டுக்கும் ஓம்" என்றேன். அவள் முதலில் முடிந்த நேரத்தை எழுதினாள். கடைசிக் கட்டத்தில் 'கதைத்தார்கள்' என்று எழுதினாள். பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வேற என்ன கேட்டவர்?"

"உன்னோட ஒரு சொல்லுக் கதைக்கலாமோ எண்டு கேட்டவர். கடமையில இருக்கிறாள் எண்டு சொன்னனான். எப்ப முடியும் எண்டு கேட்டவர்."

அவள் துண்டுகளை அடுக்கினாள்; அடுக்கியவற்றைத் திரும்ப அடுக்கினாள்.

ஐந்து மணிக்கு அரியநாயகம் ஐயா பலகைக்கு வந்தார். பாமா பையை எடுத்துக்கொண்டு, சைக்கிள் பூட்டுத் திறப்பைத் தேடினாள். வழக்கமாகத் தேடமாட்டாள், அது எப்போதும் பையின் ஒரே மூலையில்தான் இருக்கும். அப்போது தகடு விழுந்தது. ஐயா காதுக்கருவியை மாட்டி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, ஆற அமர எழுதினார். பிறகு அவளைப் போலவே ஒரு பக்கத்தை விலக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வவுனியாவில இருந்து. சத்தியபாமா எண்டு ஆரும் வந்திருக்கினமோ?"

பாமா பையை என் கையில் தந்தாள். பென்சில் இன்னும் காதில் செருகியபடி இருந்தது. மணிக்கூட்டைப் பார்க்காமலே பெட்டிக்குள் போய், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.